சென்ற மாதம் நம் தெரு வானம்

தெருவே ஒருவரை ஆகாசம் என்று கூப்பிடுகிறதென்றால் அவர் ஏதோ பெரிய ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். வீட்டை விட்டு இறங்கும்போது எல்லாரும் செருப்பைப் பார்ப்பார்கள், இவர் மேலே பார்ப்பார். அப்படிப் பார்த்துக்கொண்டே ஒருநாள் வெறுங்காலோடு கடை வரைக்கும் போய்விட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

மேலே பார்க்கிற அளவுக்கு அங்கே என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இருக்காது. மழை விஷயத்தில் அந்த ஊர் வானம் மகா கஞ்சன். வருஷத்தில் நாலைந்து முறை பெய்தால் பெரிய விஷயம். மற்றபடி வெயில், தூசி, மறுபடியும் வெயில். அப்படிப்பட்ட ஊரில் வானிலை பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள ஒரு தனிப் பிடிவாதம் வேண்டும். அது அவரிடம் தேவைக்கு மேலேயே இருந்தது.

மாதம் முடிந்ததும் ஒரு முழுத்தாளில் 'சென்ற மாதம் நம் தெரு வானம்' என்று தலைப்புப் போட்டு எழுதி, முக்கில் இருக்கும் ரொட்டிக்கடைச் சுவரில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டுவார். அதிக வெப்பம், குறைந்த வெப்பம், காற்று வீசிய திசை, தூசி கிளம்பிய நாட்கள், காற்றில் ஈரம், மழை. மழைக்கு நேரே பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் இருக்கும். அந்த 'இல்லை'யையும் மனுஷர் அடிக்கோடிட்டு அழகாக எழுதுவார்.

"என்ன சார், இந்த மாசமும் இல்லைதானா? போன மாசத் தாளையே விட்டிருக்கலாமே, ஒரு தாள் மிச்சமாயிருக்கும்" என்பார் ரொட்டிக்கடைக்காரர்.

"போன மாச இல்லை வேற, இந்த மாச இல்லை வேற. உனக்கு எங்க அது புரியப்போகுது!"

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கறார். நடந்ததைத்தான் எழுதுவார், நடக்கப்போவதை எழுதமாட்டார். நாளைக்கு மழை வருமா என்று யாராவது கேட்டால், "நாளைக்கு சாயங்காலம் வந்து கேளு, சொல்றேன்" என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிடுவார்.

மொட்டைமாடியின் ஓர் ஓரத்தில் அவருடைய பெட்டி இருந்தது. வெள்ளைச் சாயம் அடித்த மரப்பெட்டி, காற்று புகுந்து வர நாலு பக்கமும் சாய்வுப் பலகைகள். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா நிற்கும். இன்னொன்றின் அடிக்குமிழில் மெல்லிய பருத்தித் துணி சுற்றியிருக்கும், துணியின் வால் கீழ்த்தட்டில் உள்ள பாட்டில் தண்ணீரில் முங்கியிருக்கும். காற்று வறண்டிருந்தால் துணியிலிருந்து ஈரம் வேகமாகப் பறக்கும், அந்த மானி குளிர்ந்து கீழே இறங்கும். காற்றில் ஈரம் இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்தே காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடலாம். அந்த ஊரில் இடைவெளி எப்போதும் ஒரு முழ நீளத்துக்கு இருக்கும் என்று அவரே அலுத்துக்கொள்வார்.

பெட்டிக் கதவை அவர் திறப்பதில்லை. மூச்சுக்காற்று பட்டால்கூட அளவு கெட்டுவிடுமாம். அதற்காகக் கதவிலேயே தன் கையால் தேய்த்த ஒரு பெரிய வில்லையைப் பதித்திருந்தார். வெளியே நின்றபடியே அளவைப் படிக்கலாம். மாதம் பிறக்கிற அன்று காலையில் மட்டும் கதவைத் திறந்து, துணியை மாற்றி, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மூடிவிடுவார். பாசி பிடிக்காமலிருக்க வெளிச்சம் புகாத பழுப்பு நிற மருந்து பாட்டில். அதற்குத் துணி வால் மட்டும் நுழைகிற அளவுக்குத் துளைபோட்ட மூடி, அவரே கடைந்தது. "ஒரு தடவை ஊத்தினா மாசம் முழுக்கத் தாங்கும். எந்த வானிலை ஆபீஸ்லயும் இப்படி ஒரு மூடி கிடையாது" என்று ரொட்டிக்கடையில் அவர் பெருமையடிக்காத மாதமில்லை. ஒருமுறை தாளிலேயே அடிக்குறிப்பாகவும் போட்டுவிட்டார்.

பெட்டி வைத்த புதிதில் அவர் மனைவி ஈரத்துணியைப் பக்கத்தில் காயப்போட்டுவிட்டாள். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் அடுத்த மாடிப் புறாக்கள்கூடப் பறந்துபோயின. "இந்தப் பக்கமே வராத! எதையும் தொடாத!" அதற்குப் பிறகு துணிக்கொடி மாடியின் மறுகோடிக்குப் போனது.

மகள் கட்டிக்கொண்டு போனது மழைக்குப் பஞ்சமில்லாத ஊரில். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேருமாகப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று மனைவி துணிப்பெட்டியை எடுத்தாள். இவர் தலையைச் சொறிந்தார்.

"முதல் மழை இன்னும் விழலையே."

"அதுக்கு?"

"இத்தனை வருஷத்துல முதல் மழைய நான் விட்டதே இல்லம்மா. நான் ஊர்ல இல்லாதப்ப விழுந்துட்டா என்ன பண்றது? விழட்டும். பதிஞ்சுட்டு மறுநாளே வண்டி ஏறிடறேன்."

"அப்ப நீங்க வந்தமாதிரிதான்" என்றாள் மனைவி. சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

மாத நடுவில் ஒருநாள் கிளம்பினாள். வாசலில் வண்டி நின்றது. துணிப்பெட்டியைத் தூக்கி வைத்தபிறகு திரும்பி, "மாடில அந்தப் பாட்டிலப் பாத்துக்குங்க" என்றாள்.

"அத நான் பாக்காம வேற யாரு பாக்கறது?" என்று அவர் சிலுப்பிக்கொண்டார். தன் ராஜ்யத்தில் இவளென்ன யோசனை சொல்வது என்று ஒரு கடுப்பு. அவள் ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, நேரமாகிவிட்டது என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வீடு பெரிதாகிவிட்டது. இரண்டே அறையும் ஒரு சமையலறையும்தான், ஆனாலும் பெரிதாகிவிட்டது. ஒரே தட்டு, ஒரே டம்ளர், கழுவிக் கவிழ்த்தால் அதையே மறுபடி எடுத்துச் சாப்பிட வேண்டியிருந்தது. ரொட்டியை நின்றுகொண்டே தின்றார். கட்டிலில் தன் பக்கத்திலேயே ஒடுங்கிப் படுத்தார், மறுபக்கம் விரிப்பு கசங்காமல் கிடந்தது. சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்து, வழக்கம்போல, "இன்னிக்கு மேக்கால இருந்து காத்து, ஒரே தூசி" என்றார். யாரும் "ம்" என்று சொல்லவில்லை.

அந்த "ம்" தான் அவரைக் கொன்றது. இத்தனை வருஷமும் அவர் அளவுகளை ஒப்பிக்க, அவள் காய் நறுக்கியபடியோ துணி மடித்தபடியோ, தலையைத் தூக்காமல் "ம்" என்பாள். அவள் எங்கே கேட்கிறாள், ஏதோ ஒப்புக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருந்தார். ஒப்புக்குச் சொன்ன அந்த ஓர் எழுத்துக்கு இப்போது மனசு ஏங்கியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளில்லாமல் அவருக்கு அந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

தினமும் சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேத்தி கையை முறுக்கிக் கொட்டாவி விடுவாள். பின்னால் சோவென்று மழைச் சத்தம் கேட்கும்.

"அங்க மழை?" என்பாள் மனைவி.

"இல்ல."

மழையாவது ஒன்றாவது, நாளைக்கே வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் மழையைப் பார்க்காமல் ஊரைத் தாண்டமாட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாரே! சொன்ன சொல்லை விழுங்குவதென்றால் அவருக்குத் தொண்டையில் முள். ரொட்டிக்கடைக்காரர் சிரிப்பார். அவளும் சிரிப்பாளோ என்று ஒரு பயம். ஆக, அவர் அவளிடம் போய்ச் சேர வேண்டுமானால் மழை பெய்தாக வேண்டும். வேறு வழியை அவரே அடைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் இடைவெளி குறைய ஆரம்பித்தது.

முதல் நாள் லேசாகத்தான் குறைந்தது. வில்லையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மறுநாள் இன்னும் கொஞ்சம். நாலாம் நாள் பாதிக்குப் பாதி. துணி சுற்றிய மானி மெல்ல மெல்ல மேலே ஏறிப் பக்கத்து மானியை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. இந்த வறண்ட ஊரில், ஒரு துண்டு மேகம் இல்லாத நீல வானத்துக்குக் கீழே, காற்றில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது! அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வேறு யாராவது இப்படி ஒரு அளவைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் ஆயிரம் குறுக்குக்கேள்வி கேட்டிருப்பார். தன் பெட்டி சொன்னதாயிற்றே! காற்று கிழக்கே திரும்பியது மாதிரி இருந்தது. எறும்புகள் சாரைசாரையாகப் போவதைக்கூடக் குனிந்து பார்த்தார். எறும்பைப் பார்த்து மழை சொல்கிறவர்களை எத்தனை கிண்டல் செய்திருப்பார், எல்லாம் மறந்துபோயிற்று. சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார். பேத்திக்கென்று குட்டித் தொப்பி ஒன்று வாங்கி அதன்மேல் வைத்தார்.

மாதக் கடைசி நாள். மறுநாள் காலை துணி மாற்றிவிட்டு ஆற அமர எழுதுவதுதான் வழக்கம். அன்றைக்குப் பொறுக்கவில்லை. மதிய அளவை எடுத்ததும் எழுதிக்கொண்டுபோய் ஒட்டிவிட்டார். ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தாளின் கடைசி வரி இது: 'காற்றில் ஈரம் நாளுக்கு நாள் ஏறுகிறது. விரைவில் மழை வரும்.'

ரொட்டிக்கடைக்காரர் இரண்டு தடவை படித்தார். "சார், இது நீங்க எழுதினதா? வரும்னு போட்டிருக்கீங்க!"

"வரும்னா வரும்."

"ஆகாசமே சொல்லியாச்சு!" என்று அவர் உள்ளே குரல் கொடுத்து, போன மழையில் நனைந்துபோன அனுபவத்தில், தரையிலிருந்த மாவு மூட்டைகளை எல்லாம் பரண்மேல் ஏற்றச் சொன்னார். கூட நின்று அவரே இரண்டு மூட்டைக்குத் தோள் கொடுத்தார். அவர் அப்படி நம்பியதைப் பார்க்க இவருக்குப் பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் போன் வந்ததும் இவர் முந்திக்கொண்டார்.

"பொண்ணுகிட்ட எனக்கு டிக்கெட் போடச் சொல்லு."

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. "பெஞ்சிருச்சா?"

"பெய்யல. பெய்யப்போகுது. ஈரம் ஏறிக்கிட்டே போகுது. ரெண்டு மானிக்கும் நடுவுல இன்னிக்கு வித்தியாசமே இல்ல, தெரியுமா? என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததே இல்ல!"

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அந்தப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க" என்றாள், ரொம்ப மெதுவாக. "பாட்டில்ல தண்ணி இருக்கா?"

"அதான் மாசம் பொறந்ததும் ஊத்தினேனே."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எதுக்கு? மாசம் முழுக்கத் தாங்குமே."

அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "சரி. குழந்தை அழுவுது. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். குழந்தை அழுததாக அவருக்குக் கேட்கவில்லை.

வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. மாடிக்குப் போனார். பெட்டிக் கதவைத் திறந்தார். துணி விறைத்துப்போய்க் குமிழைப் பற்றிக்கொண்டிருந்தது, தொட்டால் நொறுங்குகிற அப்பளம் மாதிரி. பாட்டிலை எடுத்தார். காற்றைத் தூக்குவதுபோல் கையோடு வந்தது. ஒரு சொட்டு இல்லை. துணி காய்ந்தால் அதுவும் சாதாரண வெப்பமானிதான், இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டும். படித்துப் படித்து அவருக்குத் தெரிந்த பாடம்தான் அது.

முதலில் நம்பவில்லை. பாட்டிலில் விரிசல் உண்டா என்று தேடினார். தண்ணீர் நிரப்பி, மூடித் துளையை விரலால் அடைத்துக்கொண்டு கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார். எங்கும் ஒழுகவில்லை. பாட்டில் நல்ல பாட்டில், மூடி நல்ல மூடி, ஆனால் அந்த ஊர்க் காற்றுக்கு அது ஒரு வாரம், மிஞ்சினால் இன்னும் இரண்டொரு நாள் தாங்கும், அவ்வளவுதான். துணியை நனைத்துப் பாட்டிலை வைத்துக் கதவை மூடினார். வில்லை வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். துணி சுற்றிய மானி இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. பழைய ஒரு முழ இடைவெளிக்கு வந்து நின்றது. மழையாவது மண்ணாவது.

அப்படியானால் இத்தனை வருஷம்?

மறுகோடியில் துணிக்கொடி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் கடையில் இருக்கும் நேரத்தில்தான் அவள் துணி காயப்போட வருவாள். விடுமுறை நாளில் ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறார்: துணி வாளிக்குமேல் ஒரு சின்னச் சொம்பு, மூடி போட்டது. "அது எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டதுகூட ஞாபகம் வந்தது. "செடிக்கு" என்றாள். அவரும் சரி என்று பேப்பரைப் புரட்டினார். அந்த மாடியில் ஒரு செடி கிடையாது. ஒரு காலத்திலும் இருந்ததில்லை. காற்று எந்தத் திசை, தூசி எந்த நேரம் என்று எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷனுக்கு, தன் வீட்டு மாடியில் செடி இல்லை என்பது உறைக்கவே இல்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது, அழுதார். கீழே போன் அடித்தது. எழுந்து போய் எடுக்க முடியவில்லை.

காலையில் ரொட்டிக்கடை திறக்கும்போதே போய்ச் சுவரிலிருந்த தாளைக் கிழித்தார். புதுத் தாளை ஒட்டினார். ரொட்டிக்கடைக்காரர் பரணைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"சார், அப்ப மூட்டைய மறுபடி இறக்கணுமா?"

"இறக்கணும்."

அவர் வாயெடுத்து ஏதோ கிண்டலாகச் சொல்லத்தான் வந்தார். அதற்குள் கண் தாளின் அடியில் போய்விட்டது. அங்கே இப்படி எழுதியிருந்தது: 'ஈரத்தைப் பற்றி நேற்று எழுதியது தவறு. மழை வரும் என்றதும் தவறு. பாட்டிலில் ஒரு முறை ஊற்றினால் மாதம் முழுவதும் தாங்கும் என்று நான் சொல்லி வந்ததும் தவறு. என் மனைவி ஊற்றி வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.'

ரொட்டிக்கடைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இத ஏன் சார் என் சுவத்துல சொல்றீங்க? அவங்ககிட்ட சொன்னீங்களா?"

இவர் இல்லை என்று தலையாட்டினார்.

"நல்ல ஆளு சார் நீங்க. போங்க, போய் மொதல்ல போனப் போடுங்க. ஸ்டேஷனுக்குப் போறதா இருந்தா சொல்லுங்க, ரொட்டி வண்டி அந்தப் பக்கந்தான் போகுது."

வீட்டுக்கு வந்து போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"நேத்து எத்தன தடவ அடிச்சேன்! எடுக்கவே இல்ல, நான் பயந்தே போயிட்டேன்."

"பாட்டில் காலியா இருந்துச்சு" என்றார்.

"ம்" என்றாள் அவள்.

அந்த "ம்" காதில் விழுந்ததும் போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். மொதல் மாசமே காஞ்சு கெடந்துச்சு, மனசு கேக்கல, ஊத்தினேன். நீங்க என்னடான்னா ரொட்டிக்கடைல போயி மாசம் முழுக்கத் தாங்குதுன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொல்லிட்டு வந்தீங்க. அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது? தொடாதன்னு வேற சொல்லியிருந்தீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "கோச்சுக்காதீங்க. கொதிக்கவெச்சு ஆறின தண்ணிதான் ஊத்தினேன். குழாத் தண்ணின்னா துணில உப்புப் பிடிக்கும்னு நீங்கதான ஒருநாள் சொன்னீங்க."

சொல்லியிருந்தார். எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை.

"நான் இன்னிக்குக் கிளம்பி வரேன்" என்றார்.

"மழை?"

"மழை பெய்யறதுக்கு நான் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல."

"முதல் மழை விட்டுப்போயிடுமே. ஒரு வருஷங்கூட விட்டதில்லையே நீங்க."

"போகட்டும்மா. நீ இல்லாம இங்க இருக்க முடியல."

அவ்வளவு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையை அவர் சொன்னதில்லை. அந்தப் பக்கம் மழைகூட நின்றுவிட்டிருந்தது போல. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, வாங்க" என்றாள். "கிளம்பறதுக்கு முன்னால பாட்டில்ல ஊத்திட்டு வாங்க."

"நேத்தே ஊத்தியாச்சு. அதுவும் ஒரு வாரத்துல காஞ்சிடும். அளவு பாக்கவும் ஆளில்ல. எதுக்கு?"

"குறைஞ்சத நிரப்பிட்டு வாங்க. குறையா வெச்சிட்டு வராதீங்க, அவ்வளவுதான்."

தண்ணீரைக் கொதிக்கவைத்தார். ஆறும்வரை அடுப்படியிலேயே நின்றார். அலமாரியில் தேடி, அந்த மூடி போட்ட சின்னச் சொம்பைக் கண்டெடுத்தார். மாடிக்குப் போய்க் கதவைத் திறந்து, துளைக்குள்ளே, வெளியே சிந்தாமல், ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஊற்றினார். நினைத்ததைவிடக் கஷ்டமான வேலையாக இருந்தது. அவள் இத்தனை வருஷமும் ஈரக்கையோடு இதைச் செய்திருக்கிறாள்.

கீழே ரொட்டி வண்டி ஹாரன் அடித்தது.

"சார், நேரமாச்சு! பை வாசல்ல நிக்குது, நீங்க மாடில சொம்ப வெச்சிக்கிட்டு என்ன பண்றீங்க?"

அவர் கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து குனிந்து பார்த்தார்.

"செடிக்குத் தண்ணி" என்றார். சொம்பைத் துணிக்கொடிக்குக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு, படியைப் பார்த்து இறங்கினார்.